பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை: கேட்கப்படாமல் போன சில ராக் குழுக்கள்

சென்ற மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் மூலையில் இயர்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று கேட்டோம். சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "ஒண்ணும் இல்ல தோழர், சும்மா." விடாமல் கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இங்கிலீஷ் ராக் தோழர். நம்ம பசங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும்."

ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல இருந்தது அவர் முகம். பிறகு டீக்கடையில் பேச்சு கொடுத்ததில் முழுக் கதையும் வந்தது. விடுதியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த மாணவர்கள் சிலர் அவருடைய பாட்டுப் பட்டியலைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். "உனக்கு எதுக்குடா இதெல்லாம், நீ கானா கேளு." சரி, அவர்கள் அப்படித்தான். ஆனால் நம் பக்கத்து மூத்த தோழர் ஒருவரும் வேறொரு நாள், "பறை இருக்கும்போது கிடார் எதுக்குத் தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். கேலி செய்தவர் சொன்னதையும் தோழர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அது உன்னுடையது இல்லை' என்பதைத்தான் இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லும் சாக்கில்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் இசை விமர்சகர்கள் கிடையாது. எங்களில் ஒருவருக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது. ஒருவர் மட்டும் முன்பு வாங்கி, மூன்று மாதம் விரல் நோக வாசித்துவிட்டு, செமஸ்டர் கட்டணத்துக்காக விற்றுவிட்டார். ஆனால் இரண்டு ஆண்டுகளாக இரவு நேரங்களில் தேடித் தேடிக் கேட்டிருக்கிறோம். அப்படிக் கேட்டதில், அதிகம் பேசப்படாத நான்கு குழுக்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான்குமே கறுப்பினத்தவர் நடத்திய, நடத்துகிற ராக் குழுக்கள்.

ராக் வெள்ளைக்காரப் பையன்களின் இசை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1915இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளாண்ட் என்ற ஊரில் பிறந்த ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண், தேவாலயப் பாடல்களை எலெக்ட்ரிக் கிடாரில் அலறவிட்டுக்கொண்டிருந்தபோது எல்விஸ் பிரெஸ்லி சின்னப் பையன். எல்விஸ் 1956இல் பாடிப் புகழ்பெற்ற 'ஹவுண்ட் டாக்' பாட்டை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வெளியிட்டு வெற்றி பெற்றவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. கறுப்பர்களின் இசைத்தட்டுகளை அமெரிக்கக் கம்பெனிகள் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனியாகப் பிரித்து விற்றன. அதாவது இனத்தட்டுகள். பில்போர்டு பத்திரிகை 1949இல்தான் அந்தப் பெயரைக் கைவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறினாலும் தனி வரிசை தனி வரிசையாகவே இருந்தது. ஒரே தாளம், ஒரே கிடார், ஆனால் வெள்ளையர் வாசித்தால் ராக் அண்ட் ரோல், கறுப்பர் வாசித்தால் வேறு பெயர். தனி டம்ளர் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ரொசெட்டா தார்ப் 1973இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்லறையில் ஒரு பெயர்க்கல் கூட இல்லை. ராக் அண்ட் ரோலுக்கான புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்.

இப்படி இருபது இருபத்தைந்து ஆண்டுகள் பிரித்துப் பிரித்து வைத்ததன் விளைவு, 1970களில் ஒரு கறுப்பினப் பையன் ராக் வாசித்தால் அவன் சொந்தத் தெருவே அவனை விநோதமாகப் பார்த்தது. 'வெள்ளைக்காரன் பாட்டை ஏன் வாசிக்கிறாய்?' என்றது. திருடப்பட்ட பொருளைத் திருடியவனுடையது என்று பறிகொடுத்தவரே நம்பத் தொடங்கிவிட்டார். இந்த இடத்தில்தான் எங்கள் முதல் குழு வருகிறது.

டெட்ராய்ட் நகரம். டேவிட், பாபி, டானிஸ் என்ற ஹாக்னி சகோதரர்கள் மூவர். 1971இல் ஃபங்க் இசை வாசிக்கும் குழுவாகத் தொடங்கினார்கள். டெட்ராய்ட் மோட்டவுன் கம்பெனி பிறந்த ஊர். கறுப்பினப் பிள்ளைகள் இசை என்று வந்தால் சோல், ஃபங்க் என்றுதான் அந்த ஊர் எதிர்பார்க்கும். ஆனால் அண்ணன் டேவிட் 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்தார். ஆலிஸ் கூப்பரையும் பார்த்தார்கள். அதன் பிறகு ராக்தான் என்று முடிவாகிவிட்டது. இடையில் அப்பா ஒரு விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் இருந்துதான் டேவிட் குழுவுக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்: டெத். மரணம். மரணத்தைப் பயமுறுத்தும் விஷயமாகப் பார்க்காமல் வேறு விதமாகப் பார்க்கச் சொல்லும் பெயர் என்பது அவர் எண்ணம்.

1975இல் டெட்ராய்டின் யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவில் பாடல்களைப் பதிவு செய்தார்கள். இசைத் துறையின் பெரும்புள்ளியான க்ளைவ் டேவிஸின் ஆதரவு அதற்குக் கிடைத்திருந்தது. பாட்டு பிடித்திருக்கிறது, ஆனால் பெயரை மாற்ற வேண்டும் என்றார்கள். 'டெத்' என்ற பெயரில் எந்தக் கடையில் எதை விற்பது? டேவிட் முடியாது என்று சொல்லிவிட்டார். திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் முடியாது என்றார். ஆதரவு நின்றது. பன்னிரண்டு பாடல்கள் பதிவாக வேண்டிய இடத்தில் ஏழோடு வேலை முடிந்தது. அடுத்த ஆண்டு அவர்களே சொந்த முயற்சியில் இரண்டு பாட்டு கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றை 500 பிரதிகள் அடித்தார்கள். வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. 1977இல் குழு கலைந்தது.

சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பாபியும் டானிஸும் பிறகு ரெக்கே வாசித்தார்கள், குடும்பம் குழந்தை என்று ஆனார்கள். டேவிட் டெட்ராய்டுக்கே திரும்பிவிட்டார். இறப்பதற்கு முன் ஸ்டூடியோவில் பதிவான மாஸ்டர் டேப்புகளைத் தம்பி பாபியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வைத்திரு என்றார். 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அந்தப் பழைய 500 தட்டுகள் இதற்குள் சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டிருந்தன. அது பாபியின் வீட்டுக்கே தெரியாது. பாபியின் மகன் ஒருவர் எங்கோ தூரத்து ஊரில், நண்பர்கள் நடுவே ஒலித்த ஒரு பழைய பாட்டில் தன் அப்பாவின் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அப்பா ராக் பாடினார் என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை! வீட்டுப் பரணில் இருந்த டேப்புகள் இறங்கின. 2009இல் டிராக் சிட்டி என்ற சிறிய நிறுவனம் அந்த ஏழு பாடல்களையும் ஆல்பமாக வெளியிட்டது. தலைப்பு 'ஃபார் த ஹோல் வேர்ல்டு டு சீ'. முழு உலகமும் பார்க்கட்டும் என்று பொருள்.

அரை மணி நேரம் கூட இல்லாத ஆல்பம். 'பொலிட்டிஷியன்ஸ் இன் மை ஐஸ்' என்ற பாட்டில் இருந்து தொடங்குங்கள். வியட்நாம் போர்க் காலத்து அரசியல்வாதிகள் மீதான கோபம். பேஸ் கிடார் முன்னே ஓட, டிரம்ஸ் துரத்த, கிடார் இரண்டையும் இடித்துக்கொண்டு வரும். திடீரென்று எல்லாம் நின்று, மூச்சு விடும் நேரத்தில் மறுபடி பாயும். பங்க் ராக்கின் தொடக்கம் என்று எல்லோரும் கைகாட்டும் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1976இல். இந்தப் பையன்கள் அதற்கு முந்தைய ஆண்டே இந்த வேகத்தில் வாசித்து முடித்து, டேப்பைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். 'லெட் த வேர்ல்டு டர்ன்' மட்டும் மெதுவாகத் தொடங்கும் நீண்ட பாட்டு. எங்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்காது.

டேவிட் செய்தது சரியா என்று எங்களுக்குள் ஒரு முழு இரவு சண்டை நடந்தது. வாடகை வீட்டுக்காகப் பெயரை மாற்றிச் சொன்னவர்கள், 'முழுப் பேர் என்ன?' என்ற கேள்விக்கு வியர்த்தவர்கள் எங்களில் உண்டு. அவர்களில் ஒருவர் டேவிட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இன்னொரு தோழர், பெயரில் என்ன இருக்கிறது, மாற்றியிருந்தால் மூன்று சகோதரர்களின் வாழ்க்கை மாறியிருக்கும், கறுப்பினப் பிள்ளைகள் ஆயிரம் பேர் அன்றே கிடாரை எடுத்திருப்பார்கள், ஒருவரின் பிடிவாதத்துக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்துவிட்டது என்றார். இதைச் சொன்னவரும் வாடகை வீட்டுக்காகப் பெயரை மாற்றிச் சொன்னவர்தான். அந்தப் பெயர் இனத்தின் பெயர் இல்லை, ஒரு தத்துவத்தின் பெயர், இரண்டையும் குழப்பக் கூடாது என்றும் அவர் சொன்னார். அதுவும் நியாயம்தான். இன்று வரை எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. தம்பிகள் இருவரும் அண்ணன் பக்கம் நின்றார்கள் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இந்தக் கதையை 2012இல் 'எ பேண்டு கால்டு டெத்' என்று ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள். வாசிப்பு வட்டத்தில் திரையிடத் தகுந்த படம். கைக்குட்டை தேவைப்படும்.

இரண்டாவது குழுவுக்கு லண்டனின் கிழக்குப் பகுதிக்குப் போக வேண்டும். கப்பல்துறைத் தொழிலாளர்களும், பழைய காலனி நாடுகளில் இருந்து வந்தவர்களும் வாழ்ந்த பகுதி அது. அலெக்ஸ் அயுலி, ரூடி தம்பாலா என்று இரண்டு பள்ளித் தோழர்கள். அலெக்ஸின் வேர் நைஜீரியாவில், ரூடியின் அப்பா மலாவியைச் சேர்ந்தவர். 1986இல் இவர்கள் தொடங்கிய குழு ஏ.ஆர். கேன். கதை வேடிக்கையானது. தொலைக்காட்சியில் காக்டோ ட்வின்ஸ் என்ற குழுவைப் பார்த்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் டேப்பை ஓடவிட்டு, கிடாரும் குரலுமாகவே ஒரு உலகத்தை எழுப்பியிருக்கிறார்கள். அட, இவ்வளவுதானா, நம்மாலும் முடியுமே என்று தோன்றியிருக்கிறது. ஒரு விருந்தில் யாரோ விசாரித்தபோது இல்லாத குழுவை இருப்பதாக அடித்துவிட்டு, பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றக் குழுவை உண்டாக்கியிருக்கிறார்கள். நமக்கு மிகவும் நெருக்கமான வழிமுறை!

அவர்களுடைய கிடார் ஒலி கடலுக்கு அடியில் இருந்து வருவது போல இருக்கும். இரைச்சல் உண்டு, ஆனால் அடிக்கிற இரைச்சல் இல்லை, மூடிக்கொள்கிற இரைச்சல். அதற்கு நடுவே தூக்கத்தில் பேசுவது போல ஒரு மெல்லிய குரல். தங்கள் இசைக்கு 'ட்ரீம் பாப்', கனவு இசை என்று அவர்களே ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்று உலகம் முழுக்க ஓர் இசை வகையின் பெயர். வைத்தவர்கள் யார் என்று அந்த வகையைக் கேட்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1988இல் வந்த '69' என்ற ஆல்பம் பிரிட்டனின் இண்டி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இண்டி என்றால் பெரிய கம்பெனிகளின் பிடியில் இல்லாத சிறு நிறுவனங்கள் வெளியிடும் இசை. அதற்கு முந்தைய ஆண்டு, வேறொரு குழுவோடு சேர்ந்து மார்ஸ் என்ற பெயரில் இவர்கள் வெளியிட்ட தட்டின் ஒரு பக்கமான 'பம்ப் அப் த வால்யூம்' பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. அந்தப் பாட்டில் இவர்கள் பங்கு குறைவு. இவர்களின் உண்மையான கைவேலை அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. யார் தட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

பத்திரிகைகள் இவர்களை எப்படி வருணித்தன தெரியுமா? 'கறுப்பு ஜீசஸ் அண்ட் மேரி செயின்' என்று. அது ஒரு வெள்ளையர் குழுவின் பெயர். ஒரு புது ஒலியைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த அடையாளம், யாரோ ஒருவரின் கறுப்புப் பிரதி. நன்றாகப் பேசும் நம் மாணவரை 'உங்க ஆளுங்கள்ல இப்படி ஒருத்தரா' என்று பாராட்டுவார்களே, அந்த ரகம்.

ஏ.ஆர். கேன் பாடல்களில் போராட்ட முழக்கம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காதல், கடல், கனவு, அச்சம், உடல். இதைத்தான் பாடினார்கள். எங்கள் வட்டத்தில் இதை ஒலிக்கவிட்டபோது முதலில் வந்த கேள்வியே, "இதில் அரசியல் எங்கே தோழர்?" என்பதுதான். நாங்களும் முதல் முறை அப்படித்தான் யோசித்தோம். பிறகு யோசிக்க யோசிக்க அந்தக் கேள்விதான் உறுத்தியது. வெள்ளைக்காரப் பையன் காதலைப் பாடினால் பாட்டு. கறுப்பினப் பையன் காதலைப் பாடினால், ஏன் நீ உன் வலியைப் பாடவில்லை என்று கேட்கிறோம். நம்மிடையே பாடும் பிள்ளைகளிடமும் மேடை ஏற்றுகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். கொடுமையைப் பாடு, அழவை, கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளை மழையைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தால் அதற்கு நேரம் இருக்காது. வலியைப் பாடுவது தவறு என்று சொல்ல வரவில்லை. வலியை மட்டும் பாடு என்பதும் ஒரு காலனிக் கோடுதான். ராக்கில் அந்தக் கோட்டைத் தாண்டி நடந்த இரண்டு பேர் இவர்கள். கோட்டுக்கு வெளியே நின்றதால்தான் வரலாறு எழுதியவர்களுக்கு இவர்களை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை.

'69' எடுத்த எடுப்பில் பிடிபடாது. நாங்கள் நான்கு முறை கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. எனவே 1989இல் வந்த 'ஐ' என்ற இரட்டை ஆல்பத்தில் உள்ள 'எ லவ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' பாட்டில் இருந்து தொடங்குவது நல்லது. அதற்குக் கால் தானாக ஆடும். பிறகு '69'க்கு வாருங்கள், இரவில், இயர்போனில், விளக்கை அணைத்துவிட்டு.

மூன்றாவது குழுவும் லண்டன்தான், ஆனால் கால் நூற்றாண்டு தாண்டி. ஸ்டெஃபனி ஃபிலிப்ஸ் என்ற இளம்பெண் பங்க் நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர். அரங்கில் கறுப்பினப் பெண் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான் இருப்பார். எவ்வளவு முற்போக்கு பேசும் அரங்கானாலும் நிலைமை அதுதான். ஒரு கட்டத்தில் சலித்துப்போய், நாமே ஒரு குழுவைத் தொடங்கினால் என்ன என்று கறுப்பினப் பெண்களைத் தேடினார். 2013இல், முதல்முறை மேடையேறுகிறவர்களுக்காக நடந்த ஒரு நிகழ்ச்சியில் பிக் ஜோனி பிறந்தது. ஜோனி என்பது வேறு யாருமில்லை, ஸ்டெஃபனியின் அம்மா ஜோன். குழுவுக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார். கிடார், பேஸ், நின்றுகொண்டே அடிக்கும் டிரம்ஸ், அவ்வளவுதான் கருவிகள்.

2018இல் வந்த 'சிஸ்டாஸ்' முதல் ஆல்பம். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. பழைய பெண் குரல் குழுக்களின் இனிமை ஒரு பக்கம், கரகரக்கும் கிடார் மறுபக்கம். 'ஃபால் அஸ்லீப்' கேளுங்கள். 2022இல் வந்த 'பேக் ஹோம்' இன்னும் முதிர்ந்த வேலை. வீடு என்பது எது என்ற கேள்வி ஆல்பம் முழுக்க ஓடுகிறது. பிறந்த நாடு வீடா, பெற்றோர் விட்டு வந்த தீவு வீடா, நண்பர்கள் இருக்கும் அறை வீடா? அதன் முதல் பாட்டான 'கேக்டஸ் ட்ரீ' ஒரு நாட்டுப்புறக் கதைப்பாடல் போல நடக்கும். ஊரை விட்டு நகரத்து விடுதிக்கு வந்திருக்கும் தங்கைகள் இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறோம்.

இவர்கள் வாசித்ததோடு நிறுத்தவில்லை என்பதும் முக்கியம். ஸ்டெஃபனியும் தோழிகளும் தோழர்களும் சேர்ந்து 2017இல் லண்டனில் 'டீகாலனைஸ் ஃபெஸ்ட்' என்ற விழாவைத் தொடங்கினார்கள். வெள்ளையர் அல்லாத பங்க் கலைஞர்கள் நடத்தும், அவர்களுக்கான விழா. இடம் கொடுங்கள் என்று யாரிடமும் மனுப் போடவில்லை. இதற்கு முன்னோடியும் உண்டு. 1985இல் நியூயார்க்கில் கிடார் கலைஞர் வெர்னன் ரீட், எழுத்தாளர் கிரெக் டேட் முதலானோர் 'பிளாக் ராக் கோயலிஷன்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, கறுப்பர்கள் ராக் வாசித்தால் கம்பெனிகள் ஏன் கதவைச் சாத்துகின்றன என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். அமைப்பு இல்லாமல் கலைக்கு நியாயம் கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

நான்காவது, பார்ட்டீஸ் ஸ்ட்ரேஞ்ச். இவர் ஓரளவு பேர் வாங்கிவிட்டவர், 'கேட்கப்படாதவர்' என்று சொல்ல முடியாது. ஆனால் நம் பக்கம் இவரைக் கேட்டவர் ஒருவரையும் நாங்கள் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வெள்ளையர் நிறைந்த சிறு ஊரில் வளர்ந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர், அம்மா ஆபரா பாடகி. அரசு அலுவலகத்திலும் சுற்றுச்சூழல் அமைப்பிலும் செய்தித் தொடர்பு வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். தனக்குப் பிடித்த 'தி நேஷனல்' என்ற இண்டி குழுவின் நிகழ்ச்சிக்கு ஒரு நாள் போனபோது சுற்றிலும் பார்த்திருக்கிறார். கறுப்பு முகங்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. அதில் இருந்து ஒரு யோசனை பிறந்தது. அந்தக் குழுவின் பாடல்களையே எடுத்துத் தன் குரலில், தன் விதத்தில் திருப்பிப் பாடி 2020இல் வெளியிட்டார். திட்டி ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அதைவிட இது நன்றாக இருக்கிறது.

அதே ஆண்டு வந்த 'லிவ் ஃபாரெவர்' அவருடைய சொந்தப் பாடல்களின் ஆல்பம். 'பூமர்' என்ற பாட்டைக் கேளுங்கள். ராப் போலத் தொடங்கி, கூட்டமாகக் கத்திப் பாடும் ராக்காக மாறி, நடுவில் கிராமத்து ப்ளூஸுக்குள் போய் வரும், எல்லாம் சில நிமிடத்துக்குள். இது எந்த வகை என்று கேட்டால் பதில் கிடையாது. கறுப்பர் என்றால் இந்த வகைதான் பாட வேண்டும் என்று இசைத்துறை ஒட்டும் சீட்டுகளைப் பற்றியே 'மாஸ்பிளெர்டு' என்று ஒரு பாட்டும் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாதியும் நிறவெறியும் ஒன்றே என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை. இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ஆனால் உறவு பழையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தலித் பேந்தர்ஸ் என்ற பெயரைப் பிளாக் பேந்தர்களிடம் இருந்து எடுத்தார்கள். துண்டறிக்கையும் கவிதையும் கடல் தாண்டி வந்தபோது கிடார் மட்டும் ஏன் நமக்கு அந்நியமாக வேண்டும்?

உண்மையில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறை மேடையேறியபோது பறையும் கானாவும் மட்டும் அங்கே இருக்கவில்லை. எலெக்ட்ரிக் கிடாரும் பேஸும் டிரம்ஸும் ராப்பும் சேர்ந்தே இருந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற சொல்லில் இருந்து பெயர் எடுத்த குழு அது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கானாவையும் பறையையும் பற்றி எழுதினார்கள், நியாயம்தான், ஆனால் அந்தக் கிடார் என்ன செய்தது என்று எழுதியவர்கள் குறைவு. அந்தப் பாடல்களை இன்னொரு முறை போட்டு, இந்த முறை கிடாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.

இண்டி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு முணுமுணுப்பு. சுதந்திர இசை என்கிறார்கள். கம்பெனியிடம் இருந்து சுதந்திரம் சரி. வாடகை இல்லாத பயிற்சி அறை, கிடார் வாங்கித் தரும் அப்பா, பாஸாகாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் வீடு, இதெல்லாம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் முதலில் கிடைக்கிறது. நம் பெருநகரங்களின் ஆங்கில ராக் மேடைகள் பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்திலேயே நம்மைத் தெருவில் நிறுத்திவிடும். ஹாக்னி சகோதரர்கள் அடித்த 500 தட்டுகளை நினைக்கும்போது எங்களுக்கு இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

கேட்பதற்குப் பெரிய செலவு இல்லை. நான்கு குழுக்களும் இணையத்தில் கிடைக்கின்றன. காசு இருப்பவர்கள் கலைஞரிடம் நேரடியாக வாங்கும் வழி இருந்தால் ஒரு ஆல்பமாவது வாங்குங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். ஸ்பீக்கர் கிடைத்தால் டெத், கிடைக்காவிட்டால் ஏ.ஆர். கேன். தேர்வுக்கு முந்தைய இரவு பிக் ஜோனி. கடைசி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் பார்ட்டீஸ் ஸ்ட்ரேஞ்ச். சொற்கள் புரியவில்லை என்று தயங்க வேண்டாம். எங்களுக்கும் முதல் முறை பாதி புரியவில்லை. வரிகளைத் தேடிப் படித்தோம், அகராதியும் கையில் இருந்தது. எங்களில் ஒருவருடைய ஆங்கிலம் தேறியதே அப்படித்தான்.

அந்தத் தம்பிக்கு டெத் ஆல்பத்தை அனுப்பி வைத்தோம். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, "தோழர், மூணு பேர்தானா இவ்ளோ சத்தம் போடுறாங்க?" என்று குரல் செய்தி வந்தது. இப்போது எங்கிருந்தோ ஒரு பழைய கிடார் வாங்கியிருக்கிறார், ஒரு கம்பி இல்லை. வாசிக்க இடம் இல்லை என்றார். வாசிப்பு வட்டம் நடக்கும் அறையை ஞாயிறு மாலை நான்கில் இருந்து ஆறு வரை அவருக்கு ஒதுக்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா ஆறரைக்கு மேல் சத்தம் கூடாது என்று சொல்லியிருக்கிறார். டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வாருங்கள். பறை வாசிக்கத் தெரிந்தவர்களும் வரலாம்.